நாற்றம் யார் மூக்கை எட்டுகிறது?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து எட்டு மாதமாகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பலே காரணம். வேறு சாக்குச் சொன்னால் நீ நம்பப் போவதில்லை. இங்கே அனைவரும் நலம். நாம் 'கடிகாரம்' என்று பெயர் வைத்தவர் ஓய்வு பெற்ற பின்பும் எல்லா இடத்துக்கும் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து நிற்கிறார்.

இன்று என்னை எழுத வைத்தது பேத்தியின் வயிற்றுப்போக்கு. இரண்டு நாள் துவண்டு கிடந்தவளுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தது உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கான ஒரு பொட்டலத்தை மட்டுமே. அதைக் கரைத்துக் கரண்டி கரண்டியாகப் புகட்டியபடி இரவெல்லாம் விழித்திருந்தபோது, உன் கடிதத்தின் ஒரு வரி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது: "நாடு முதலில் பணம் சேர்க்கட்டும், மருத்துவமனையும் பள்ளியும் கழிவறையும் தாமாகப் பின்னால் வரும்." விடிவதற்குள் மனத்தில் மூன்று பதில்கள் எழுதி முடித்துவிட்டேன். அவற்றுள் நாகரிகமானதை மட்டும் இங்கே தருகிறேன்.

அந்தக் கரைசல் தன் வலிமையைக் காட்டியது 1971இல், வங்காளதேசப் போரின்போது, மேற்கு வங்க எல்லையில் இருந்த அகதி முகாமில். நரம்பு வழியே ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துகொண்டிருந்த நிலையில், மருத்துவர் திலீப் மகாலானபிஸ் கரைசலைப் பீப்பாய்களில் கலக்கி வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே முகந்து புகட்டச் சொன்னார். 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த காலரா இறப்பு 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, இலவச மருத்துவத்துக்குப் பெயர் பெற்ற இலங்கையிலேயே மருந்தில்லாமல் அறுவை சிகிச்சைகள் தள்ளிப் போயின. என் சண்டையெல்லாம் உன்னுடைய அந்தத் 'தாமாக' என்ற சொல்லோடுதான். 1858இல் லண்டனை விஞ்சும் செல்வ நகரம் உலகில் அரிது. அதற்குள் மூன்று முறை வந்த காலரா பல்லாயிரம் பேரைக் கொண்டுபோயிருந்தும், நகரம் தன் கழிவைத் தேம்ஸ் ஆற்றிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கோடையில் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தது. திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் உறுப்பினர்களால் உட்கார முடியவில்லை. பதினெட்டு நாளில் சட்டம் நிறைவேறி, பொறியாளர் பசல்ஜெட் பாதாளச் சாக்கடையைக் கட்டத் தொடங்கினார். கெட்ட காற்றுதான் நோயைத் தருகிறது என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. காரணம் தப்பு, சாக்கடை மட்டும் சரி!

செல்வம் அன்றைக்கு முன்பும் இருந்தது. புதிதாக நடந்தது, நாற்றம் முடிவெடுப்பவர்களின் மூக்கை எட்டியதுதான். இன்றைய ஏழை நாட்டில் வசதியுள்ளவன் புட்டியில் நீர் வாங்குகிறான், பிள்ளையைக் கட்டணப் பள்ளியில் சேர்க்கிறான், காய்ச்சலுக்குத் தனியார் மருத்துவமனையை நாடுகிறான். பொதுக் குழாயில் என்ன வந்தால் அவனுக்கென்ன? செல்வ நாடும் இதற்கு விலக்கன்று. அமெரிக்காவின் பிளின்ட் நகரில் 2014இல் செலவைக் குறைக்க ஆற்று நீருக்கு மாறினார்கள். அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்காததால் பழைய குழாய்களின் ஈயம் குடிநீரில் கரைந்தது. எந்திர பாகங்கள் அரிக்கின்றன என்று அங்கிருந்த கார் தொழிற்சாலை சில மாதங்களிலேயே வேறு நீருக்கு மாறிக்கொண்டது. குழந்தைகள் அதற்குப் பிறகும் ஏறத்தாழ ஓராண்டு அதையே குடித்தார்கள். இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இனி, நீ பாதியில் எழுந்து போகும் பகுதி. அமெரிக்கா தன் மொத்த உற்பத்தியில் சுமார் 17 விழுக்காட்டை மருத்துவத்துக்குச் செலவிடுகிறது. தலைக்கு அமெரிக்க வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கே உள்ள கோஸ்டா ரிகாவில் மக்கள் சராசரியாக 80 ஆண்டை ஒட்டி வாழ்கிறார்கள். அமெரிக்கர்கள் 2023 கணக்கில் 78 ஆண்டுக்குச் சற்று மேல். 1948இல் படையைக் கலைத்த அந்தச் சின்ன நாடு பள்ளிக்கும் கிராமச் சுகாதாரப் பணியாளருக்கும் செலவு செய்தது. பள்ளி இங்கே ஏன் வருகிறது என்று கேட்பாய். நைஜீரியத் தரவுகளை ஆராய்ந்த மக்கள்தொகை ஆய்வாளர் ஜான் கால்டுவெல், குழந்தை பிழைப்பதில் தாயின் படிப்புக்குப் பெரும் பங்கு உண்டு என்று 1979இல் எழுதினார். படித்த தாய் குழந்தையை முன்கூட்டியே மருத்துவரிடம் தூக்கிச் செல்கிறாள். "பொறு, தானே சரியாகிவிடும்" என்னும் பெரியவர்களை எதிர்த்தும் பேசுகிறாள். என் மருமகள் என்னிடம் அன்றிரவு அப்படித்தான் பேசினாள். அந்தப் பெரியவர் நானே என்பதை ஒப்புக்கொள்கிறேன், சிரிக்காதே.

முதலில் பணம் சேர்த்த நாடு என்று நீ உடனே தென் கொரியாவைக் காட்டுவாய். தாராளமாகக் காட்டு, தொழிற்சாலைகள் பெருகுமுன்பே அங்கே தொடக்கப் பள்ளி ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளையும் எட்டிவிட்டது என்பதையும் சேர்த்துக் காட்டு.

பேத்தி தேறிவிட்டாள், பொட்டலத்தைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளிகிறாள். நீயும் எட்டு மாதம் எடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
உன் பழைய எதிர்க்கட்சி