பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

மன்னார்குடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தஞ்சாவூரில் உன் கம்பெனி இன்சூரன்ஸ் கார்டைக் காட்டினோம், போன மாதத்தோடு முடிந்துவிட்டது என்றார்கள். கையில் பணம் இருந்தது, கட்டிவிட்டேன். அம்மாவிடம் கார்டு மிஷின் வேலை செய்யவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ சங்கடப்படாதே.

தனியாகத் தொழில் செய்பவர்கள் விலை பேசுவது பற்றி இரண்டு வார்த்தை. உன் சிநேகிதர்கள் யாருக்காவது உதவும்.

ஆடி, மார்கழியில் கல்யாணம் கிடையாது. அதனால் என்னைப் போன்ற தவில்காரன் முகூர்த்த நாளில் வாங்குவது அன்றைக்கு மட்டுமான கூலி இல்லை, சும்மா இருக்கும் மாதங்களுக்கும் சேர்த்துத்தான். மாதச் சம்பளத்தை முப்பதால் வகுத்து ஒரு நாள் ரேட் சொல்லிவிடக் கூடாது. வேலை தேடி அலையும் நாள், காய்ச்சலில் படுக்கும் நாள், பிஎஃப், இன்சூரன்ஸ் எல்லாம் அதிலிருந்துதான் வரவேண்டும்.

கடைத்தெரு ஆடிட்டரிடம் கேட்டேன். வருஷ வரவு 20 லட்சம் தாண்டினால் ஜிஎஸ்டி பதிய வேண்டுமாம். இன்ஜினியர் பீஸில் கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே, பிடித்துத்தான் தருவார்கள், அதைக் கணக்கில் வைத்துக்கொள். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு செய்திருந்தால், ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். எழுதி வாங்கு. அச்சாரம் வாங்காமல் பென்சிலைத் தொடாதே. முகூர்த்தத்துக்கு என்று பேசிவிட்டு மாப்பிள்ளை அழைப்புக்கும் வாசிக்கச் சொல்வார்கள். பிளானை எத்தனை தடவை மாற்றித் தருவாய், அதற்கு மேல் எவ்வளவு என்று எண் போட்டு எழுதி வாங்கு.

நம் குடும்பத்தில் முதல் இன்ஜினியர் நீ. உன் படிப்புக்கு உரிய விலையைச் சொல்லக் கூச்சப்படாதே. கூச்சம் என்னிடமிருந்து வந்ததுதான்.

அம்மா சங்கிலி கஜா புயலில் போன கூரை ஓட்டுக்காக அடகு போனது என்றேன் அல்லவா? அது பொய். அந்தத் தை மாதம் கும்பகோணத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். "பார்த்துக் கொடுங்க" என்று மட்டும் சொல்லி மூன்று நாள் வாசித்தோம். கடைசியில் தட்டில் வைத்தது வழக்கமாக வாங்குவதில் பாதிகூட இல்லை. பசை காய்ந்த விரல் கூடுகளைக்கூடக் கழற்றாமல் அரை மணி நேரம் வாசலில் நின்றேன். உள்ளே போய்க் கேட்க வாய் வரவில்லை. பேசி அழைத்துப் போனது நான் என்பதால் நாயனக்காரருக்கும் தாளக்காரப் பையனுக்கும் நான்தான் கொடுக்க வேண்டியிருந்தது. சங்கிலி அதற்குப் போனது. அந்த வருஷம் உன் ஹாஸ்டல் பணம் தாமதமானதும் அதனால்தான். நீ கல்லூரியில் திட்டு வாங்கினாய். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அப்பாவிடம் சொல்லாமல் இருப்பதை நீயும் என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டாயோ என்னவோ.

நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று ஞாயிறாக நீ போனை எடுக்கவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மா சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருப்பாள். அப்போது கூப்பிடு. நான் திண்ணையில்தான் இருப்பேன்.

அப்பா