'கேள்' ஒன்று, ஆங்கிலத்தில் மூன்று

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் வாரந்தோறும் வெளிவரும் ஆங்கில வினைச்சொற் பட்டியலைத் தவறாமல் வாசித்து வருகிறேன். களுவாஞ்சிகுடியில் என் வீட்டு விறாந்தையில் பின்னேரங்களில் ஆங்கிலம் படிக்க வரும் பிள்ளைகள் அதை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறார்கள். அவ்வளவுக்கு அதை நம்புகிறார்கள் என்பதனாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற கிழமை எட்டாம் தரப் பிள்ளையொருத்தி, றேடியோவில் பாட்டுக் கேட்டதைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'ஐ ஆஸ்க்ட் எ சோங்' என்று எழுதியிருந்தாள். பாடசாலையில் அதன்மேல் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. ஏன் பிழை என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. அவள் கொப்பியைப் புரட்டித் தங்கள் பட்டியலைக் காட்டி, "மூண்டுக்கும் கேள் எண்டுதானே போட்டிருக்கு, ரீச்சர்?" என்றாள். ஹியர் – கேள், லிசின் – கேள், ஆஸ்க் – கேள் என்று அச்சாகியிருந்தது. பிள்ளை மூன்றில் ஒன்றைத் தெரிந்தெடுத்தாள், பிழை அவளுடையதன்று.

தமிழில் 'கேள்' ஒரே சொல்லாயினும் நாம் அதை ஒரே விதமாக வழங்குவதில்லை. இரவில் கடலிரைச்சல் 'எனக்குக் கேட்கிறது' என்கிறோம். அது தானாகக் காதில் விழுவது, ஆகவே ஹியர். 'பாட்டைக் கேட்கிறேன்' என்னும்போது மனம் வைத்துக் காது கொடுக்கிறோம். அது லிசின், எதைக் கேட்கிறோம் என்று சொல்வதானால் அதன்பின் 'டூ' என்ற சிறுசொல்லும் வர வேண்டும். 'அண்ணனிடம் கேட்டேன்' என்றால் வினவியதாகவோ உதவி கோரியதாகவோ பொருள்படும், அதுவே ஆஸ்க். நாம் வேற்றுமை உருபை மாற்றிக் காட்டும் வேறுபாட்டை ஆங்கிலம் வினையையே மாற்றிக் காட்டுகிறது. இதை விளக்கியதும் அப்பிள்ளை, 'எனக்குத் தெரியுது' என்பது சீ, 'நான் பார்க்கிறேன்' என்பது லுக்கா என்று தானாகவே கேட்டாள். எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

டேக் என்ற வினையில் நிலைமை தலைகீழ். குளிசைக்கும் படத்துக்கும் பஸ்ஸுக்கும் பரீட்சைக்கும் ஆங்கிலத்தில் டேக் ஒன்றே போதும்; நாமோ குளிசையைக் குடிக்கிறோம், படத்தைப் பிடிக்கிறோம், பஸ்ஸில் போகிறோம், பரீட்சையை எழுதுகிறோம். 'எடு' என்ற ஒரு பொருளை மட்டும் பாடமாக்கிய பிள்ளை 'ட்ரிங் த டேப்லட்' என்று எழுதாமல் வேறென்ன எழுதும்? லென்ட், பொறோ இரண்டுக்கும் 'இரவல்' என்று மட்டும் போட்டால், கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்பதே மறைந்துபோகிறது.

சின்னச் சொற்கள்தானே என்று இவற்றைத் தள்ளிவிட முடியாது. 1989ஆம் ஆண்டு வெளிவந்த ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு, 'செட்' என்ற மூன்றெழுத்து வினைக்கு ஏறத்தாழ 430 பொருள்களைத் தருகிறது. அன்றாடம் வாயில் புழங்கும் சொற்களுக்கே பொருள்கள் இப்படிப் பெருகுகின்றன.

ஆகவே, நீண்ட பட்டியலுக்குப் பதிலாக வாரம் ஐந்து வினைகளைத் தாருங்கள். ஒவ்வொன்றும் எந்தப் பெயர்ச்சொற்களோடு சேர்ந்து வருமென்பதை வசனங்களில் காட்டி, அதே கருத்தை நம் பிள்ளைகள் தமிழில் எப்படிச் சொல்வார்களென்பதையும் அருகில் அச்சிடுங்கள். மூன்றாம் தரத்திலிருந்து சாதாரண தரம் வரை ஒன்பது வருடங்கள் ஆங்கிலம் படித்தும், ஒரு வேலைக்கு விண்ணப்பம் எழுத என்னிடம் வந்து நிற்கும் இளைஞர்களைக் காண்கிறேன். சொற்களைப் பாடமாக்குவதில் அவர்கள் குறை வைத்தவர்கள் அல்லர்.

'கேள்' என்பதற்குரிய மூன்றையும் அடுத்த வாரமே விளக்கத்தோடு வெளியிடுவீர்களாயின், கொப்பிகளில் ஒட்டியிருக்கும் பழைய துண்டின்மேல் புதியதை ஒட்டுமாறு பிள்ளைகளிடம் சொல்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
களுவாஞ்சிகுடி.