கிரைமியாவுக்கு எந்த வண்ணம்?

அன்புள்ள நண்பர் சிதம்பரம் அவர்களுக்கு,

வணக்கம். பேத்திக்குக் காய்ச்சல் தணிந்துவிட்டது என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபின்தான் மனம் ஆறியது. அவளுடைய வரைபடத்தில், உக்ரைனும் ரஷ்யாவும் உரிமை கோரும் கிரைமியாவுக்கு எந்த நாட்டின் வண்ணம் தீட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். முப்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்த எனக்கு இதற்கு ஒற்றை வரியில் விடை சொல்ல மனம் வரவில்லை.

கருங்கடலுக்கும் அசோவ் கடலுக்கும் நடுவே, ஏறத்தாழ 27,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் கிடக்கும் அந்தத் தீபகற்பம், வடக்கே பெரகோப் என்னும் ஒடுங்கிய பூசந்தியால் உக்ரைனின் பெருநிலத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிழக்கே ரஷ்யக் கரைக்கும் அதற்கும் இடையில் கெர்ச் நீரிணை ஓடுகிறது; 2018இல் 19 கிலோமீட்டர் நீளப் பாலம் திறக்கப்படும்வரை அங்கே படகுப் போக்குவரத்துதான். தென்கரை மலைகளைத் தவிர்த்தால் பெரும்பகுதி மழை குறைந்த புல்வெளி. 1954இல் சோவியத் அரசு கிரைமியாவை ரஷ்யக் குடியரசிலிருந்து உக்ரைன் குடியரசுக்கு மாற்றியபோது, நில அண்மையையும் பொருளாதார உறவையும் காரணமாகக் காட்டியது. பின்னர் நீப்பர் ஆற்றிலிருந்து வெட்டப்பட்ட கால்வாயே தீபகற்பத்தின் நீர்த்தேவையில் சுமார் 85 விழுக்காட்டை நிறைவேற்றியது. ரஷ்யா 2014இல் கிரைமியாவைக் கைப்பற்றியதும் உக்ரைன் அக்கால்வாயை அடைத்தது. 2022இல் ரஷ்யப் படை அதைத் திறந்தது. மறு ஆண்டு ஜூனில் நீப்பர் ஆற்றின் கக்கோவ்கா அணை உடைந்தபோது கால்வாயின் ஊற்றே வற்றிப்போயிற்று.

சட்டத்தைக் கேட்டால் எனக்கு ஐயமில்லை. உக்ரைன் தன்னிடமிருந்த அணு ஆயுதங்களைக் கைவிட்டதற்கு ஈடாக, அதன் எல்லைகளை மதிப்பதாக 1994இல் புடாபெஸ்டில் கையெழுத்திட்ட நாடுகளுள் ரஷ்யாவும் ஒன்று. 2014 மார்ச்சில், ரஷ்யப் படைவீரர்களின் காவலுக்கு நடுவே, ரஷ்யாவோடு இணைவது பற்றி கிரைமியாவில் நடந்த வாக்கெடுப்பு செல்லாது என்று ஐ.நா. பொதுச்சபையில் 100 நாடுகள் வாக்களித்தன. 11 நாடுகள் எதிர்த்தன. இந்தியா உள்ளிட்ட 58 நாடுகள் விலகி நின்றன.

இரு அரசுகளின் வழக்குக்கு நடுவே, கிரைமியாவின் பூர்வகுடிகளான தாத்தார் இன மக்களை எல்லோரும் மறந்துவிடுவதுதான் என்னை வருத்துகிறது. 1783இல் ரஷ்யப் பேரரசு விழுங்கும்வரை கான் எனப்பட்ட மன்னர்கள் ஆண்ட அவர்களுடைய அரசு அங்கே இருந்தது. 1944 மே மாதத்தில், முதியோர் குழந்தைகள் என்று பாராமல், ஏறத்தாழ 1,90,000 பேரைச் சில நாட்களுக்குள் சரக்கு ரயில்களில் ஏற்றி நாடுகடத்தினார் ஸ்டாலின். பெரும்பாலோர் திரும்ப நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அவர்களின் பேரவையான மெஜ்லிஸையும் ரஷ்யா 2016இல் தடைசெய்துவிட்டது.

ஆகவே உக்ரைனின் வண்ணத்தையே தீட்டச் சொல்லுங்கள். அதன்மேல் சாய்கோடுகள் இட்டு, ‘2014 முதல் ரஷ்யாவின் பிடியில்’ என்று ஓரத்தில் குறிக்கட்டும். கிரைமியாவின் தலைநகரான சிம்ஃபெரோபோலுக்குத் தென்மேற்கே பக்சிசராய் என்றொரு சிற்றூர் இருக்கும். தாத்தார் கான்களின் தலைநகராக இருந்த அதற்கும் ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
இராமலிங்கம்