ஏட்டி, அந்த ஒன்றரை லட்சத்தைக் கட்டிவிடாதே

ஏட்டி,

உன் வாய்ஸ் மெசேஜை நேற்று ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். ஆறு நிமிஷம். அதில் நாலு நிமிஷம் உன் மாமியாரின் முழங்கால் வலிக்கே போய்விட்டது, விஷயத்துக்கு வந்தபோது பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது, திருப்பிக் கேட்டுத்தான் புரிந்தது. பாப்பாவுக்கு பிளஸ் டூ முடித்ததும் அமெரிக்காவில் படிக்க ஆசை, அதற்கு எஸ்ஏடி என்கிற காலேஜ் சேர்க்கைப் பரீட்சை எழுத வேண்டும், சென்னையில் ஒரு கோச்சிங் சென்டரில் ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் பாதி கட்டினால் தள்ளுபடி, கட்டலாமா என்று கேட்கிறாய்.

கட்டாதே. மீதியை நிதானமாகப் படி. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உன் ஸ்கூல் மணி அடித்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் போன ஒரு வருஷமாக இதே பேச்சுதான். பெரியவன் மார்ச்சில் முதல் தடவை எழுதி 1390 வாங்கினான், ஆகஸ்ட்டில் மறுபடி எழுதி 1480. மொத்தம் 1600. இங்கே நியூ ஜெர்சியில் நம் ஆட்கள் நடுவே 1480 என்று சொன்னால் "அப்படியா, இன்னொரு தடவை எழுதலாமே" என்பார்கள், துக்கம் விசாரிக்கிற குரலில். அவன் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டான், நானும் விட்டுவிட்டேன். நவம்பர் 1 கெடுவுக்கு விண்ணப்பங்களை அனுப்பியாகிவிட்டது. இப்போதுதான் வீட்டில் கொஞ்சம் சிரிப்புச் சத்தம் கேட்கிறது.

சரி, பரீட்சை எப்படி என்று சொல்கிறேன், கணக்கு டீச்சரான உனக்கு இது சட்டென்று பிடிபடும். இப்போது எல்லாம் லேப்டாப்பில்தான், உங்கள் பக்கம் 2023 மார்ச்சிலிருந்து, இங்கே 2024 மார்ச்சிலிருந்து. மொத்தம் 2 மணி 14 நிமிஷம். ஆங்கிலம் 54 கேள்வி, கணக்கு 44 கேள்வி, இரண்டுமே இரண்டிரண்டு பாதியாக வரும். முதல் பாதியை எப்படிச் செய்கிறாய் என்று பார்த்துவிட்டு, இரண்டாவது பாதியைக் கஷ்டமாகவோ லேசாகவோ கொடுக்கும். லேசானது வந்துவிட்டால் அதில் எல்லாம் சரியாகப் போட்டாலும் மேலே ஏற முடியாது. ஆக முதல் பாதியில் அவசரப்படக் கூடாது, அவ்வளவுதான் சூட்சுமம். அப்புறம் ஒன்று, தப்பு விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். நீட், ஜேஇஇ பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய கை, தெரியாததை விட்டுவிட்டு வந்துவிடும். இதில் எதையும் வெற்றாக விடக் கூடாது என்று பாப்பாவிடம் பத்துத் தடவை சொல்.

கணக்கில் அவளுக்கு ஒரு கஷ்டமும் இருக்காது, நம் பத்தாம் வகுப்பும் பிளஸ் ஒன்னில் கொஞ்சமும் தெரிந்தாலே போதும். ஆனால் நீ பார்த்தால் கோபப்படுவாய். திரையிலேயே வரைபடம் போடுகிற கால்குலேட்டர் இருக்கிறது, டெஸ்மாஸ் என்று பெயர். என் பையன் இரண்டு சமன்பாட்டையும் அப்படியே தட்டினான், இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தைத் தொட்டான், விடை வந்துவிட்டது. "ஸ்டெப்ஸ் எங்கடா?" என்று கேட்டேன், "யார் பார்க்கப் போறாங்க?" என்கிறான். உன்னிடம் படித்திருந்தால் முட்டி போட்டிருப்பான்.

அவளைத் தடுக்கப் போவது ஆங்கிலம்தான். நாலைந்து வரிப் பத்தி, ஒரு கேள்வி, அடுத்த பத்தி, அடுத்த கேள்வி. கதை, அறிவியல், சரித்திரம் எல்லாம் கலந்து வரும். இரண்டு முழு வாக்கியத்தை வெறும் காற்புள்ளி போட்டு ஒட்டக் கூடாது, அரைப்புள்ளி வேண்டும், இந்த மாதிரி நுணுக்கம் நிறைய. (இந்தக் கடிதத்தையே அவர்கள் திருத்தினால் எனக்கு எவ்வளவு தேறுமோ!) இதற்கு வார்த்தைப் பட்டியல் மனப்பாடம் உதவாது. தினம் அரை மணி நேரம் ஏதாவது நல்ல கட்டுரை படிக்கட்டும், படித்ததை உனக்குத் தமிழில் சொல்லட்டும். பிளஸ் டூவில் ஆகஸ்ட் வரை அவளுக்கு ஒன்பது மாசம் இருக்கிறது, தாராளம்.

பயிற்சிக்குக் காசே வேண்டாம். பரீட்சை நடத்துகிற காலேஜ் போர்டின் புளூபுக் என்கிற செயலியிலேயே முழுநீள மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன, நிஜப் பரீட்சையும் அதே திரையில்தான். கான் அகாடமி என்கிற இணையதளத்தில் 2015-லிருந்தே இலவசமாகப் பாடம் நடத்துகிறார்கள். கோச்சிங் சென்டர்காரன் ஒன்றரை லட்சத்துக்கு விற்கப்போவது பெரும்பாலும் இதைத்தான், கூடவே ஒரு பையும் டி-ஷர்ட்டும் தருவான்.

கோச்சிங்கே வேண்டாம் என்று நான் சொல்வதைக் கேட்டு நீ மனசுக்குள் சிரிப்பாய் என்று தெரியும். அந்தக் கிராஷ் கோர்ஸ் மட்டும் இல்லையென்றால் நான் இன்றைக்கு எங்கே இருப்பேன்? 1998 கணக்கு இரண்டு பேருக்குமே மறக்காது. பிளஸ் டூவுக்கு 200, இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வுக்கு 100. உனக்கு 200-க்கு 192, எனக்கு 188. நுழைவுத் தேர்வில் எனக்கு 71, உனக்கு 58. அந்த 58-ஐ வைத்துக்கொண்டு உன் அப்பா "பிள்ளைக்கு மூளை அவ்வளவுதான்" என்று யாரிடமோ வாசலில் சொன்னதை நானும் கேட்டேன். என்னைவிட உனக்குக் கணக்கு நன்றாக வரும் என்று நம் வகுப்புக்கே தெரியும். பாளையங்கோட்டையில் அந்த ஒரு மாசம் எனக்கு யாரும் மூளையை ஊட்டவில்லை. ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் உட்காராதே, முதலில் இரண்டு விடையை அடித்துவிட்டு மிச்சம் இரண்டில் யோசி, வட்டத்தை இப்படிக் கறுப்பாக்கு, இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார்கள். உனக்கு அதைச் சொல்ல ஆளில்லை. தேர்வன்றைக்குத்தான் நீ அந்த மாதிரித் தாளையே முதல் முதலாகப் பார்த்தாய்.

அதில் இன்னொன்றும் இருக்கிறது, இருபத்தேழு வருஷமாகச் சொல்லாமல் இருக்கிறேன். அந்த கோர்ஸில் எங்களுக்கு ஒரு கேள்வித் தொகுப்பு கொடுத்தார்கள், நீல அட்டை, ஸ்பைரல் போட்டது. இரண்டு நாளைக்குக் கொடு, பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று நீ ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கேட்டாய். வேறொருத்தி வாங்கிப் போயிருக்கிறாள் என்றேன். அது என் பையில்தான் இருந்தது, நீ அந்தப் பையைத்தான் எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றாய், நான் சில்லறை தேடிக்கொண்டிருந்தேன். நீ ஒன்றும் கேட்கவில்லை, பையின் கனம் உனக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. 2006-இல் அந்த நுழைவுத் தேர்வையே எடுத்துவிட்டுச் சட்டம் போட்டார்கள் என்று செய்தி படித்தபோது முதலில் உன் முகம்தான் ஞாபகம் வந்தது. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.

சரி. நீ கேட்ட மற்ற விஷயத்துக்கு வருகிறேன், இந்த மார்க்குக்கு இங்கே எவ்வளவு மதிப்பு?

நம் ஊர் மாதிரி ஒரே எண்ணை வைத்து வரிசை போட்டு, மேலிருந்து கூப்பிடுகிற கதை இங்கே கிடையாது. பள்ளி மார்க், 650 வார்த்தைக்குள் ஒரு கட்டுரை, டீச்சர்களின் சிபாரிசுக் கடிதம், படிப்பைத் தவிர என்ன செய்தாய் என்கிற பட்டியல், இவற்றோடு இதுவும் ஒன்று. கொரோனா வந்ததும் பெரும்பாலான காலேஜ்கள் மார்க் அனுப்புவது உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டன. நிறைய இடங்களில் இன்னும் அப்படித்தான். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் சேர்ந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்க்கைக்கு மார்க்கைப் பார்ப்பதே இல்லை. ஆனால் எம்ஐடி 2022-இல் திரும்பவும் கேட்க ஆரம்பித்தது, 2024-இல் டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் என்று வரிசையாகத் திரும்பிவிட்டார்கள். பாப்பா எந்தக் காலேஜ் என்று முதலில் எழுதட்டும், அப்புறம்தான் இந்தப் பரீட்சை தேவையா என்றே தெரியும்.

டார்ட்மவுத் ஏன் திரும்பியது தெரியுமா? அதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மார்க் கட்டாயமில்லை என்றதும், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் 1400 பக்கம் எடுத்தும் "அங்கே எல்லாரும் 1500-க்கு மேல்" என்று பயந்து அனுப்பாமல் மறைத்துவிட்டார்களாம். அனுப்பியிருந்தால், இப்படிப்பட்ட பள்ளியிலிருந்து இவ்வளவா என்று அது அவர்களுக்குத்தான் சாதகமாகப் போயிருக்கும். பரீட்சையை எடுத்துவிட்டால் ஏழைப் பிள்ளைக்கு நல்லது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தவள்தான், இன்றைக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். கட்டுரைக்கும் ஆயிரக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டு ஆலோசகர் வருகிறார், என் பக்கத்து வீட்டுப் பையன் ஆப்பிரிக்காவில் போய்க் கிணறு தோண்டிவிட்டு வந்தான், அவன் வீட்டுத் தோட்டத்தில் ஒரு குழி தோண்டி நான் பார்த்ததில்லை. ராஜ் செட்டி என்று ஒரு பொருளாதாரப் பேராசிரியர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர், அவரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து 2023-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே எஸ்ஏடி மார்க் வாங்கிய பிள்ளைகளிலேயே, நடுத்தர வீட்டுப் பிள்ளையைவிட உச்சிப் பணக்கார ஒரு சதவீத வீட்டுப் பிள்ளை ஹார்வர்ட் மாதிரி இடங்களில் சேர இரண்டு மடங்குக்கு மேல் வாய்ப்பு. மார்க்கில் அல்ல, மற்றதில்தான் அந்தத் தூக்கிவிடல் நடக்கிறது.

இந்தப் பரீட்சையும் ஒன்றும் உத்தமப் பிறவியில்லை. 1926-இல் இதை உருவாக்கிய கார்ல் பிரிகாம், இன்ன இனத்துக்கு இவ்வளவுதான் மூளை என்று அதற்கு முன்னால் புத்தகமே எழுதிய ஆள். பிறகு 1930-இல் தான் சொன்னதற்கு அடிப்படையே இல்லை என்று அவரே எழுதினார். ஆனாலும் பரீட்சை நிலைத்துவிட்டது. காசுக்காரர்களும் விட்டுவைக்கவில்லை. 15,000 டாலர் கொடுத்து மகளின் விடைகளைத் திருத்தவைத்த ஒரு ஹாலிவுட் நடிகை 2019-இல் சிறைக்குப் போனார். அதே வருஷம்தான் தேனியில் நீட் ஆள்மாறாட்டம் பிடிபட்டது, நீ கூட அந்தச் செய்தியை எனக்கு அனுப்பினாய்.

இப்போது அண்ணனிடம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். இங்கே பெரிய தனியார் பல்கலைக்கழகம் என்றால் தங்கிச் சாப்பிட்டுப் படிக்க வருஷத்துக்கு 80,000 டாலருக்கு மேல். நம் கணக்கில் 70 லட்சம் பக்கம், நாலு வருஷம். அண்ணன் பதறுவார், பதறட்டும். வெளிநாட்டுப் பிள்ளையிடம் "உன்னால் கட்ட முடியுமா" என்று பார்க்காமல் இடம் கொடுத்துவிட்டு, தேவையான உதவி முழுவதும் செய்கிற இடங்கள் கொஞ்சம்தான்: ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் என்று விரல்விட்டு எண்ணலாம். அங்கெல்லாம் நூறு பேர் கேட்டால் பத்துப் பேருக்குக்கூடக் கிடைக்காது, எம்ஐடியில் ஐந்து பேருக்கும் குறைவு. மற்ற நிறைய இடங்களில் உதவிப்பணம் கேட்டாலே சேர்க்கை வாய்ப்பு குறையும். ஆக 1550 வாங்கினாலும் பணக் கேள்வி அப்படியே நிற்கும். கோச்சிங் சென்டர்காரன் இதை உன்னிடம் சொன்னானா? சொல்லியிருக்க மாட்டான். காசு கட்டுவதற்கு முன்னால் வருஷத்துக்கு நம்மால் எவ்வளவு முடியும் என்று ஒரு தாளில் எழுதுங்கள், சின்ன எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை, அதை வைத்துத்தான் காலேஜ் பட்டியல் போட முடியும்.

கூடவே அவள் நம் ஊரிலும் ஒரு கால் வைத்திருக்கட்டும். பொதுத் தேர்வை விட்டுவிட்டு எஸ்ஏடி, எஸ்ஏடி என்று அலைய வேண்டாம், பள்ளி மார்க்கைத்தான் அவர்கள் முதலில் புரட்டுவார்கள், அந்த மார்க் நம் ஊர் கவுன்சிலிங்குக்கும் உதவும்.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்றால், வருகிற சனிக்கிழமை உங்கள் ஊர் ராத்திரி ஏழரைக்குப் பாப்பாவை வீடியோவில் வரச் சொல், எனக்கு அப்போது காலை ஒன்பது. புளூபுக்கை முன்னாடியே இறக்கிவைத்து, ஒரு மாதிரித் தேர்வை முழுசாக, நடுவில் எழுந்திருக்காமல் எழுதி முடித்திருக்கட்டும். எவ்வளவு வந்தாலும் அழக் கூடாது, என் பையனுக்கு முதல் தடவை வந்ததை அவனையே சொல்லச் சொல்கிறேன். தப்பான கேள்விகளை ஒவ்வொன்றாக நானும் அவனும் உட்கார்ந்து பார்க்கிறோம். வாராவாரம் செய்யலாம், சித்திக்கு சனிக்கிழமை காலையில் வேறென்ன வேலை, துணி மடிக்கிறதுதானே. நீயும் பக்கத்தில் உட்கார், அந்த டெஸ்மாஸை உனக்குக் காட்ட வேண்டும்.

லேப்டாப்பில் சார்ஜ் போட்டு வைக்கச் சொல். மாமியாருக்கு முழங்காலுக்கு நான் போன தடவை கொண்டுவந்த தைலம் தீர்ந்துவிட்டதா என்றும் கேட்டு எழுது.

உன்
நியூ ஜெர்சிக்காரி