செசரியா துறைமுகம் ஒரே நாளில் மூழ்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் வந்த பண்டைய செசரியா நகரம் பற்றிய கட்டுரையில் திருத்த வேண்டியவை சில உண்டு. சிறிய பிழை படத்தில். அச்சாகியிருப்பது எர்மோன் மலையடிவாரத்துக் குகையும் நீரூற்றும். அது பிலிப்புச் செசரியா. பேதுரு "நீர் கிறிஸ்து" என்று அறிக்கையிட்டது அந்தப் பகுதியில்தான். பவுல் இரண்டு ஆண்டு காவலில் இருந்த செசரியாவோ மத்தியதரைக் கடலோரத்தில், இன்றைய டெல் அவிவுக்கும் ஹைஃபாவுக்கும் நடுவே உள்ளது. தமிழ் வேதாகமத்தில் இரண்டும் செசரியா என்றே வருவதால் குழப்பம் எளிதில் நேர்கிறது.

பெரிய பிழை, "ரோமானியர் கட்டிய, இரண்டாயிரம் ஆண்டுகளாக அசையாத கான்கிரீட் துறைமுகத்தை ஒரே ஒரு நிலநடுக்கம் கடலில் ஆழ்த்தியது" என்ற வாக்கியம். முதலில், கட்டியவன் ரோமுக்கு அடங்கிய யூத அரசன் ஏரோது. ஸ்திராத்தோன் கோபுரம் என்ற பழைய பினீசியத் துறை இருந்த இடத்தில் கி.மு. 22 வாக்கில் வேலை தொடங்கி, ஏறத்தாழ 12 ஆண்டுகளில் முடிந்தது. நகருக்குச் சீசரின் பெயர். துறைமுகத்துக்கு செபாஸ்டோஸ், அதாவது அகஸ்டஸ் என்பதன் கிரேக்க வடிவம். ரோம ஆளுநர்கள் அங்கு குடியேறியது கி.பி. 6-க்குப் பிறகு.

இடத்தைப் பார்த்தால் யாரும் துறைமுகம் கட்டத் துணியமாட்டார்கள். யோப்பாவுக்கும் தோருக்கும் இடையே கரை நேர்கோடாக ஓடுகிறது. ஒதுங்க ஒரு வளைகுடா கிடையாது. தென்மேற்குக் காற்று எழுந்தால் கப்பல்கள் நடுக்கடலிலேயே நங்கூரமிட்டுக் காத்திருக்க வேண்டியிருந்தது என்கிறார் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசீஃபஸ். போதாததற்கு, நைல் நதி கொண்டுவந்து தள்ளும் மணல் கரையோர நீரோட்டத்தில் வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். எனவே தெற்கிலிருந்து சுமார் 500 மீட்டருக்கு வளைந்து செல்லும் பெரிய அலைத்தடுப்புச் சுவர், வடக்கில் அதில் பாதிக்குச் சற்று மேலான இன்னொன்று, வாயில் வடக்குப் பக்கம் என்று அமைத்தார்கள். அங்கு வடகாற்றுதான் மென்மையானது. தெற்குச் சுவரின் குறுக்கே நீர்வழிகளும் விட்டிருந்தார்கள். அலை அவற்றின் வழியே உள்ளே கொட்டும். அந்த நீர் வாயில் வழியே வெளியேறும்போது மணலையும் இழுத்துச் செல்லும். தூர்வாரும் இயந்திரம் இல்லாத காலத்துக்கு இது மிகக் கெட்டிக்கார ஏற்பாடு.

சுவர்களுக்காக 50 அடி நீளக் "கற்களை" கடலில் இறக்கியதாக ஜொசீஃபஸ் எழுதினார். முக்குளிப்பு ஆய்வாளர்கள் கண்டது கல்லை அல்ல, கான்கிரீட்டை. வடக்குச் சுவரின் முனையில் கிடக்கும் கட்டி ஒன்று 15 மீட்டர் நீளம், 11.5 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம். 15 மீட்டர் என்பது ஏறக்குறைய 50 ரோம அடி. நீளத்தில் ஜொசீஃபஸ் தவறவில்லை. பொருளைத்தான் மாற்றிச் சொன்னார். 20 பாகம் (ஏறத்தாழ 36 மீட்டர்) ஆழத்தில் இறக்கினார்கள் என்பது மட்டும் மிகை. அந்த இடத்தில் கடலுக்கு அவ்வளவு ஆழம் இல்லை.

அந்தக் கட்டியை வார்த்த முறை இது. கரையில் மரச்சட்டமும் இரட்டைப் பலகைச் சுவரும் கொண்ட, அடிப்பாகம் இல்லாத பெரிய பெட்டியைச் செய்து, மிதக்கவிட்டு இழுத்துச் சென்றார்கள். இடம் சேர்ந்ததும் இரட்டைச் சுவரின் இடைவெளியில் சாந்தை ஊற்ற, அந்தப் பாரத்தில் பெட்டி தரையில் போய் உட்காரும். பிறகு நீருக்குள்ளேயே சாந்தையும் உடைகற்களையும் நிரப்பினார்கள். வேறு இடங்களில் அடியும் மூடிய தோணி போன்ற பெட்டிகளைப் பயன்படுத்தினார்கள். பலகைகளைக் கப்பல் கட்டுவதுபோலவே துளையும் நாக்குமாகக் கோத்திருக்கிறார்கள். பாதி நிரப்பி மூழ்கடித்த பிறகு அந்தத் தோணி திரும்பாது, அதுவே அச்சு.

சாதாரணச் சுண்ணாம்புச் சாந்து நீருக்கடியில் இறுகாது; அதற்குக் காற்றிலுள்ள கரியமில வாயு வேண்டும். எரிமலைச் சாம்பலான பொசோலானாவைச் சேர்த்தால் அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிய, நீரிலேயே இறுகும். நம் பழைய அணைகளில் சுண்ணாம்போடு சுர்க்கி, அதாவது சுட்ட செங்கல் தூள், கலந்ததும் இதே வேதியியலை நம்பித்தான். கடல் வேலைக்கு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு பொசோலானா என்பது பண்டைய ரோமக் கட்டடக்கலை நூலாசிரியர் விட்ருவியஸ் தரும் அளவு. செசரியாவின் சாம்பல் இத்தாலியின் நேப்பிள்ஸ் விரிகுடாப் பகுதியிலிருந்து கப்பலில் வந்தது என்பதை வேதிச் சோதனைகள் காட்டியுள்ளன.

பொருள் இத்தாலியிலிருந்து வந்தாலும் வேலைத்தரம் கூட வரவில்லை. துளையிட்டு எடுத்த மாதிரிகளில் கலவை சரியாகக் கலக்கப்படாமல், வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டிகள் அப்படியே தெரிகின்றன. உடைகல்லாகப் போட்டது உள்ளூர் குர்கார். மென்மையான, நுண்துளை மிகுந்த மணற்கல். ரோமக் கான்கிரீட் நாளாக நாளாக வலுப்பெறுகிறது என்று இன்று பரவலாகச் சொல்லப்படுகிறதே, அதற்கு அடிப்படையான 2017 ஆய்வு இத்தாலியின் கோசா துறைமுகக் கான்கிரீட்டில் நடந்தது. சுண்ணாம்புக் கட்டிகள் விரிசலைத் தாமே அடைக்கும் என்ற 2023 ஆய்வு பிரிவெர்னோ என்ற ஊரின் மதில் மாதிரியில், அதாவது தரைக் கட்டுமானத்தில் நடந்தது. இரண்டும் நல்ல ஆய்வுகள். ஆனால் அவற்றைச் செசரியாவின் கணக்கில் எழுதக் கூடாது. கான்கிரீட் கட்டி எவ்வளவு இறுகினாலும் அது உட்கார்ந்திருந்தது தளர்ந்த மணலின் மேல். அடியில் உடைகல் மெத்தை போட்டிருந்தும், அலை மணலை அரித்தது, நடுக்கம் வரும்போதெல்லாம் நீரூறிய மணல் குழம்பாகி இளகியது, பாரம் கீழே இறங்கியது. கரைக்கு அப்பால் ஒரு நிலப்பிளவு இருந்து அதுவும் இழுத்ததா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உள்ளது. கடல் மட்டம் ஏறியதுதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. ஏரோதின் மாளிகைக்காகக் கரைப்பாறையில் வெட்டிய குளம் இன்றும் ஏறக்குறைய அதே மட்டத்தில் இருக்கிறது. வெளிச்சுவரின் மேற்பரப்போ 5 மீட்டர் நீருக்கடியில்.

எப்போது இறங்கியது? கி.பி. 115 டிசம்பரில் அந்தியோகியாவை அழித்த நிலநடுக்கத்தையும் ஆழிப்பேரலையையும் உங்கள் கட்டுரை காரணம் காட்டுகிறது. கடலடியில் அக்காலத்துப் பேரலைப் படிவு கிடைத்திருப்பது உண்மை. ஆனால் மூழ்கிய சுவரின் மேலேயே உடைந்த கப்பல் ஒன்றின் ஈயப் பாளங்களும் கிடைத்துள்ளன. அவற்றில் பேரரசர் தோமிஷியனின் பெயர், ஜெர்மானிக்கஸ் என்ற பட்டத்தோடு பொறித்திருக்கிறது. அந்தப் பட்டத்தை அவர் ஏற்றது 83-இல், இறந்தது 96-இல். சுவர் நீருக்கு மேலே நின்றிருந்தால் கப்பல் அதன் மேல் ஏறி உடைந்திருக்க முடியாது. ஆக, கட்டி முடித்து சுமார் நூறு ஆண்டுகளுக்குள், பேரலைக்கு முன்பே, சுவரின் முனை மாலுமியின் கண்ணுக்குத் தெரியாத பாறையாகிவிட்டது. பேரலை வந்து மோதியது ஏற்கெனவே தளர்ந்த துறைமுகத்தின் மீது.

நகரம் அதனால் சாகவில்லை. பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் ரோமப் படைவீரர்கள் நீர்ப்பாலத்துக்கு இரண்டாவது கால்வாய் சேர்த்தார்கள். தொடக்ககாலக் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகன் இங்கு கற்பித்தார், திருச்சபை வரலாறு எழுதிய யூசிபியஸ் ஆயராக இருந்தார். கி.பி. 500 வாக்கில் பேரரசர் அனஸ்தாசியஸ் துறைமுகத்தைப் பழுதுபார்த்தார். முழுவதும் மூழ்கிப்போன ஒன்றை யாரும் பழுதுபார்ப்பதில்லை.

பிலாத்துவின் பெயர் பொறித்த கல்லைப் பற்றியும் ஒரு திருத்தம். அது கடலில் கிடைத்ததல்ல. 1961-இல் இத்தாலிய அகழாய்வுக் குழு நாடக அரங்கில் கண்டெடுத்தது. பிற்காலத்தில் யாரோ அதைப் படிக்கட்டுக்குப் பயன்படுத்தியிருந்தார்கள். இப்போது செசரியாவில் இருப்பது நகல். அசல் எருசலேம் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இணையப் பதிப்பிலாவது படத்தையும் அந்த வாக்கியத்தையும் மாற்ற வேண்டுகிறேன். வேதாகம வகுப்புகளுக்கும் பள்ளிகளுக்கும் இத்தகைய பக்கங்களை வெட்டி ஒட்டிக் கொண்டுசெல்பவர்கள் பலர்.

இப்படிக்கு,
கடல்சார் கட்டுமான ஆசிரியர் ஒருவர்,
தூத்துக்குடி