உன் ஊரில் அடிப்பதும் கச்சான் காற்றுத்தான்

செட்டிபாளையம்,
மட்டக்களப்பு.
சித்திரை, புதன்கிழமை இரவு.

அன்பு மகளுக்கு,

நேற்று நீ போனில் கேட்ட கேள்வி ராத்திரி முழுவதும் என் தலைக்குள் நின்றது. "அப்பா, காலையில் போனைத் திறந்தால் இரண்டு எச்சரிக்கை ஒன்றாய் வந்து கிடக்குது. மலையில் பெரும்பனி கொட்டுமாம். எங்கட பக்கம் பலத்த காற்றாம், நெருப்பு அபாயமாம். ஒரே நாளில் இரண்டும் எப்படி வரும்?" என்றாய். அதற்குள் பேரன் அழ, போனை வைத்துவிட்டாய். எழுதினால்தான் ஒழுங்காகச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். அம்மா நேரத்தோடு படுத்துவிட்டா.

மகள், முப்பது வருடம் நான் புவியியல் படிப்பித்தேன். ஒவ்வொரு வருடமும் ஒரு நாள் கரும்பலகையில் பெரிய மலை ஒன்று கீறுவேன். இடப்பக்கம் மேகம், மழைக்கோடு. வலப்பக்கம் சூரியன் மட்டும். கீழே 'சினூக் காற்று, றொக்கி மலை' என்று எழுதுவேன். பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொள்வார்கள், மணியடிக்கும், போய்விடுவார்கள். அந்தப் படத்தின் வலப்பக்கத்தில், நான் ஒன்றும் கீறாமல் விட்ட இடத்தில், என் பிள்ளை வீடு எடுத்துக் குடியிருப்பாள் என்று அன்றைக்கு யார் கண்டது? நீ அமெரிக்காவில் கொலராடோவுக்கு, போல்டர் ஊருக்குப் போன நாளிலேயே இதை நான் யோசித்திருக்க வேண்டும். உன் குரலில் பயத்தைக் கேட்ட பிறகுதான் அந்தக் கரும்பலகை நினைவுக்கு வந்தது.

பசுபிக் பக்கமிருந்து ஈரத்தோடு வரும் காற்று மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, வைத்திருக்கும் ஈரத்தையெல்லாம் மலையிலேயே பனியாகக் கொட்டிவிடும். உங்கள் மலைகள் பல 4,000 மீற்றருக்கும் மேல். நமது பீதுருதாலகால 2,524 மீற்றர்தான். அவ்வளவு உயரம் ஏறிய காற்று கிழக்கே இறங்கும்போது வெறுங்கையோடுதான் இறங்கும். இறங்க இறங்க அமுங்கிச் சூடாகும், ஆயிரம் மீற்றருக்குப் பத்துப் பாகை கணக்கு. ஏறும்போது மேகம் கட்டுகிற காற்று அவ்வளவு குளிர்வதில்லை. அதனால் முன்னிருந்ததைவிட வெப்பமாயும் காய்ந்தும் அது உன் வாசலுக்கு வருகிறது. நீ கண்ட இரண்டு எச்சரிக்கையும் இந்த ஒரே காற்றின் வேலை. அங்கத்தைய ஆட்கள் சினூக்கைப் பனி தின்னும் காற்று என்று சொல்வார்களாம். நல்ல பேர்தான்.

இது உனக்குப் புதிது என்று நினையாதே. நம் கச்சானும் இந்தச் சாதிதான். வைகாசியிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் ஏறி, வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டிவிட்டு, வெறுமையாக நம் பக்கம் இறங்கும். நீ சின்னவளாக இருக்கும்போது வானொலியில் நுவரெலியாவில் மண்சரிவு, இரத்தினபுரியில் வெள்ளம் என்று செய்தி வாசிப்பார்கள். அதே நேரம் நீ கிணற்றடியில் நின்று, "அப்பா, வாளி தரை தட்டுது" என்று கத்துவாய். காலை ஒன்பது, பத்து மணிக்கு வாவிக்கு அந்தப் பக்கமிருந்து எழும்பும். பகல் முழுக்க அடித்து, பொழுதுபடத்தான் அடங்கும். உதடு வெடிக்கும். வெற்றிலைக் கொடி சுருளும். கொடியில் போட்ட சேலை கால் மணித்தியாலத்தில் சருகாகும். குருக்கள்மடத்துத் துறையில் பாதைப் படகு ஏறி அம்பிளாந்துறைக்குப் போகும்போது உன் தொப்பியை வாவிக்குள் கொண்டுபோனதும் அந்தக் காற்றுத்தான்.

கடற்கரைச் சனம் நாங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியும் 2004 டிசம்பர் 26உம் கடலிலிருந்து வந்தவை. அதனால் பயம் என்றால் நம் முகம் கிழக்கே திரும்பும். நீ இப்போது மேற்கே பார்க்கப் பழக வேண்டும்.

ஒரு விஷயம் உனக்குச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கே பாதிதான் தெரியும்.

எனக்குப் பத்தொன்பது வயது. சிறுபோகம் வெட்டிச் சூடடித்து முடிந்திருந்தது, ஆவணி மாதம். வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்வட்டையில் எங்கள் பூமியில் கிடந்த கழிவு வைக்கோலையும் வரம்புப் புல்லையும் கொளுத்திவிடு என்று அப்பப்பா சொன்னார். காற்று விழுந்த பிறகு கொளுத்து என்றும் சொன்னார். நானும் அப்படித்தான் செய்தேன். பொழுதுபடக் கொளுத்தி, எரிந்து முடிந்ததும் மண்வெட்டியால் மண் அள்ளி மூடினேன். புகையே இல்லை. தண்ணீர் எடுக்கத் துரவுக் கிணற்றுக்குப் போக வேண்டும், அலுப்பாக இருந்தது. போகவில்லை. வாடிக் குடிசையில் படுத்து நித்திரையாகிவிட்டேன்.

அடுத்த நாள் பத்து மணிக்குக் கச்சான் எழும்பியது. மண்ணைக் காற்றே வாரிக்கொண்டு போய்விட்டது. உள்ளே கிடந்த தணல் அடிக்கட்டையில் பற்றி, நான் கொடுவாக் கத்தியைத் தேடி எடுப்பதற்குள் இரண்டு வரம்பு தாண்டிவிட்டது. நெருப்பு ஓடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்டேன், மகள். அது ஓடவில்லை, எகிறிக் குதித்தது. முன்னால் பொறி விழுந்து அங்கே புதிதாய்ப் பற்றும், பின்னால் பெரிய நெருப்பு வந்து அதோடு சேரும். பக்கத்துப் பூமிக்காரர் வயதான மனிதர். அவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வாடிக்குப் பின்னால் அவருடைய கன்று கட்டியிருந்தது. அவிழ்க்க ஓடினேன். புகைக்குள் பத்தடி போக முடியவில்லை. அது கத்தியது. பிறகு கத்தவில்லை.

அப்பப்பா நெல்லாக இழப்புக் கொடுத்தார், என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அந்த மனிதர் அடுத்த போகமும் எனக்கு வெற்றிலை மடித்துத் தந்தார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

இதை இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், உங்கள் பகுதியில் நடந்த பெரிய நெருப்பைப் பற்றி இன்று மத்தியானம் வாசித்தேன். நீ அங்கே போவதற்கு முன்னம், 2021 டிசம்பர் 30. அந்த வருடம் வசந்தத்தில் மழை பெய்து புல் நன்றாக வளர்ந்து, பிறகு மாதக்கணக்காக மழையோ பனியோ ஒழுங்காக இல்லாமல் அத்தனையும் காய்ந்து நின்றது. காற்றின் வீச்சு மணிக்கு 160 கிலோமீற்றருக்கு மேல். சுப்பீரியர், லூயிஸ்வில் இரண்டு ஊரிலும் அயலிலுமாக ஆயிரத்துக்கு மேற்பட்ட வீடு ஒரே பகலில் போனது. இரண்டு உயிரும் போனது. காடு எரியவில்லை, மகள். புல்லில் தொடங்கிய நெருப்பு ஊருக்குள் நுழைந்து, பிறகு வீட்டிலிருந்து வீட்டுக்குத் தாவியது. அடுத்த நாள் அந்தச் சாம்பல் மேல் பனி பெய்தது. விசாரணை முடிவு 2023இல் வந்தது. நெருப்புத் தொடங்கிய இடம் இரண்டு. ஒன்றில் மின்கம்பி கழன்றது காரணமாக இருக்கலாம் என்றார்கள். மற்றது, ஆறு நாளைக்கு முன்னம் யாரோ தங்கள் வளவில் எரித்து, மண் போட்டு மூடிய நெருப்பு. மண் போட்டு மூடியது. அந்த வரியை வாசித்துவிட்டு நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

சரி, நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முந்தா நாள் பனி பெய்ததுதானே, நிலம் ஈரம்தானே என்று இராதே. மரம் காய நாளெடுக்கும், புல்லுக்கு ஒரு மணித்தியாலம் போதும். உங்கள் பக்கம் புல் புதிதாய்ப் பச்சை பிடிக்கும் வரை நிற்பதெல்லாம் போன வருடத்து வைக்கோல். நீ அனுப்பிய படத்தில் பின் வேலியடியில் இடுப்பளவு நிற்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். வேலியும் மரவேலி. வேலி பற்றினால் அது திரிபோல வீட்டுச் சுவருக்குக் கொண்டுவந்து விடும். காற்றில்லாத நாள் பார்த்து அதை வெட்டச் சொல்லு. சுவரிலிருந்து ஐந்தடிக்குள் காய்ந்தது எதுவும் வேண்டாம். மருமகன் ஆசையாய்ப் பரப்பிய அந்த மரச்சீவலும் வேண்டாம். அவருக்கு நான் சொன்னதாகப் பக்குவமாய்ச் சொல்லு. கூரைப் பீலியில் சருகு இருந்தால் அள்ளிவிடுங்கள். வீடுகளை எரிப்பது பெரும்பாலும் காற்றில் பறந்து வரும் பொறிதான், அது சருகைத் தேடித்தான் விழும்.

சிவப்புக் கொடி எச்சரிக்கை என்றாயே. ஈரப்பதன் 15 வீதத்துக்குக் கீழே இறங்கி, காற்றின் வீச்சு மணிக்கு 40 கிலோமீற்றரைத் தாண்டும் என்று கண்டால் உங்கள் பக்கத்தில் அதை விடுகிறார்களாம். அந்த நாளில் வெளியே இறைச்சி வாட்டும் அடுப்பு மூட்டாதே. அடுப்புச் சாம்பல் எப்போது கொட்டினாலும் தகர வாளியில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையால் தொட்டுப் பார்த்துக் கொட்டு. காரில் எண்ணெய் பாதிக்குக் குறைய விடாதே. முகப்பு தெருவைப் பார்த்து நிற்கட்டும். 2024 ஏப்ரலில் காற்றுக்குப் பயந்து உங்கள் பக்கம் மின்சாரத்தை முன்கூட்டியே நிறுத்தினார்கள் அல்லவா? அப்படி நடந்தால் கார் கொட்டகைக் கதவு தன்பாட்டில் திறக்காது. கையால் திறக்கும் கயிறு எங்கே இருக்கிறது என்று இப்போதே இருவரும் இழுத்துப் பாருங்கள். பாஸ்போர்ட், வீட்டு உறுதி, பேரனின் பிறப்புச் சான்றிதழ், மருந்து எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அம்மாவின் தாலிக்கொடி மாதிரியைச் செய்வித்து உனக்கு அனுப்பினோமே, அது பையில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. போகச் சொல்லும் முன்னமே போ. புகை மணந்தால் காரணம் தேடாதே, பிள்ளையைத் தூக்கு.

மருமகன் வேலைக்கு மலை தாண்டிப் போகும் நாளில் அங்கே பனியடிக்கும், இங்கே காற்றடிக்கும், நீ தனிய இருப்பாய். அந்த நாட்களை இருவரும் முதலே பேசி வையுங்கள். யார் பிள்ளையை எடுப்பது, எங்கே சந்திப்பது என்று. வசந்தத்துப் பனி ஈரம் கூடினது, பாரம். மரக்கொப்பை முறித்து விழுத்தும், சரிவிலும் வழுக்கி இறங்கும். வீதி மூடியிருந்தால் அவரை அங்கேயே ஒரு ராத்திரி தங்கச் சொல்லு. அவசரப்பட்டு வரவேண்டாம்.

இங்கே இன்னும் ஒரு மாதத்தில் வைகாசிச் சடங்கு. கச்சான் எழும்பும் காலத்தில்தான் நம் கண்ணகி அம்மாளுக்குக் குளிர்த்தியும் வருகிறது. மதுரையை எரித்துவிட்டு வெக்கையோடு வந்தவளைக் குளிரப்பண்ணுகிற சடங்கு. சின்ன வயதில் நீ ஏன் அம்மாளுக்குத் தண்ணீர் தெளிக்கிறார்கள் என்று கேட்பாய். காலும் நோகும், ஆனாலும் நான் கடைசி வரை நின்று பார்ப்பேன், ஒவ்வொரு வருடமும். ஏன் என்று இப்போது உனக்குத் தெரியும். இந்த வருடம் உங்கள் மூவரின் பேரிலும் குளிர்த்திக்குக் கொடுக்க அம்மா நேர்ந்திருக்கிறா.

நாளைக்கு உங்கள் எச்சரிக்கை முடிகிறது என்றாய். முடிந்ததும், எனக்கு ராத்திரி என்று பார்க்காமல் எடு. போன் தலைமாட்டில்தான் இருக்கும். அந்தப் பின்வேலிப் புல்லை வெட்டியதும் ஒரு படம் அனுப்பு.

அன்புடன்,
அப்பா