ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பள்ளிகளில் டேப்லெட் வகுப்புகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. எத்தனை வீடியோ இருக்கிறது, குழந்தைகள் எத்தனை மணி நேரம் பார்க்கிறார்கள் என்றெல்லாம் விவரமாகப் போட்டிருந்தீர்கள். பார்த்த குழந்தைக்கு என்ன தெரிய வந்தது என்பதற்கு மட்டும் நாலு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன், நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

என் மகள் ஆறாம் வகுப்பு. போன ஜூனில் அவள் பள்ளியில் ஒரு கணக்குச் செயலியைக் கட்டாயமாக்கி, அதற்குத் தனியாகப் பணமும் வாங்கினார்கள். பின்னக் கூட்டலுக்கு ஒரு வீடியோ ஓடும், பீட்சாவை வெட்டிக் காட்டுவார்கள், அப்புறம் நாலு விடைகள் வரும். தப்பானதைத் தொட்டால் அது மங்கிவிடும், அடுத்ததைத் தொடலாம். மேலிருந்து வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால் எப்படியும் பச்சை வந்துவிடும் என்பதை இவள் மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். பச்சை வந்தால் திரையில் பட்டாசு வெடிக்கும், நட்சத்திரம் கிடைக்கும். மாதக் கடைசியில் என் போனுக்கு 'பின்னங்களில் உங்கள் குழந்தை 92% தேர்ச்சி' என்று செய்தி வந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பால் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில் 2/3 + 1/4 என்று எழுதிக் கொடுத்தேன். யோசிக்கவே இல்லை, 3/7 என்று போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள். "அரையைவிடக் குறைச்சலா வருதே, ரெண்டையும் சேர்த்தா எப்படிம்மா குறையும்?" என்று கேட்டேன். "ஆப்ல எல்லாம் சரின்னுதானே வந்துச்சு" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

நான் செயலியே வேண்டாம் என்கிற ஆள் இல்லை. அன்று ராத்திரி தேடிப் படிக்க ஆரம்பித்ததில் தெரிந்துகொண்டது இதுதான்: மனசில் ஒரு பாடம் எப்படித் தங்குகிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள், செயலி செய்கிறவர்களில் பலர் அந்தப் பக்கமே போகவில்லை. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்று இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு குழு ஒரே பகுதியை நாலு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நாலு தடவை படித்தவர்கள்தான் முன்னே, 83%, மற்றவர்கள் 71%. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை தலைகீழ், படித்துப் படித்துப் பார்த்தவர்களிடம் மிஞ்சியது 40%, எழுதிப் பார்த்தவர்களிடம் 61%. இதில் வேடிக்கை என்னவென்றால், நமக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் என்று அதிகமாக நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்த அந்தக் குழுதான். வீடியோ பார்த்து முடித்ததும் என் மகள் முகத்தில் வருகிற 'எல்லாம் புரிஞ்சிடுச்சு' என்ற களை எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. செயலியும் அந்த ஐந்தாவது நிமிடத்தில்தான் மார்க் போடுகிறது, அதைத்தான் எனக்கு 92 என்று அனுப்புகிறது.

எங்கள் ஊர்ப் பள்ளியில் வாத்தியார் வாய்ப்பாட்டை முதலிலிருந்து ஒப்பிக்க விடமாட்டார். இரண்டு நாள் விட்டுத் திடீரென்று யாரையாவது எழுப்பி "ஏழெட்டு எவ்வளவு?" என்பார். கையில் பிரம்பும் இருந்தது, அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அந்தத் திடீர்க் கேள்வியும் நடுவில் விட்ட இரண்டு நாளும் எங்களை நினைவிலிருந்து எடுக்க வைத்தன, ஆராய்ச்சி சொல்கிறதும் அதைத்தான். ஒரு கம்ப்யூட்டருக்கு இது எவ்வளவு சுலபம்! யாருக்கு என்றைக்கு எதைத் திரும்பக் கேட்க வேண்டும் என்று நாற்பது பிள்ளைகளுக்கும் தனித்தனியாக வைத்துக்கொள்ள எந்த வாத்தியாராலும் முடியாது, கம்ப்யூட்டரால் முடியும்.

சரியாகச் செய்தால் பலன் கிடைக்கும் என்பதற்கு டெல்லியே சாட்சி. கார்த்திக் முரளிதரனும் இன்னும் இரண்டு பொருளாதார ஆய்வாளர்களும் 2015-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 619 பேரை வைத்து 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளைச் சோதித்தார்கள். குலுக்கல் போட்டு ஒரு பாதிக்கு மட்டும் இலவச இடம் கொடுத்தார்கள், அப்போதுதான் ஒப்பிட முடியும். முதலில் சோதித்ததில் ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது. மென்பொருள் அந்தப் பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து ஆரம்பித்தது, எந்த மாதிரித் தப்பு என்று பார்த்து அதற்கேற்ப அடுத்த கணக்கைக் கொடுத்தது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம். முக்கியமாக, குலுக்கலில் இடம் கிடைக்காமல் பள்ளிக்கு மட்டும் போய்க்கொண்டிருந்த பின்தங்கிய பிள்ளைகள் அதே காலத்தில் ஏறக்குறைய ஒன்றுமே முன்னேறவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், அங்கே தினமும் ஒன்றரை மணி நேரத்தில் பாதி நேரம்தான் கம்ப்யூட்டர், மீதிப் பாதி சின்னக் குழுவாக ஒரு ஆள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது. எங்கள் பள்ளியில் அந்த ஆளும் இல்லை, 3/7 என்ற தப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிற செயலியும் இல்லை.

வெறும் கருவியைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பெரு நாடு இருக்கிறது. அங்கே கிராமப் பள்ளிகளில் ஆளுக்கொரு லேப்டாப் கொடுத்தார்கள், 2012-ல் வந்த ஆய்வில் கணக்கிலும் மொழியிலும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு செயலிக் கம்பெனி ஆள் ஒருவர் வந்திருந்தார். உங்கள் குழந்தை கண்ணால் பார்த்துக் கற்கிறதா, காதால் கேட்டுக் கற்கிறதா என்று செயலியே கண்டுபிடித்து அதற்கேற்ப நடத்தும் என்றார். அப்படிப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் பலன் உண்டு என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2008-லேயே நாலு உளவியலாளர்கள் அலசி எழுதிவிட்டார்கள். நான் எழுந்து, இதை எங்காவது குலுக்கல் முறையில் சோதித்தீர்களா என்று கேட்டேன். "டேஷ்போர்டுல எல்லாம் வரும் மேடம்" என்றார். இவரை மட்டும் சொல்லி என்ன, பிரிட்டனிலேயே கல்விச் செயலிக் கம்பெனிகளில் 7% மட்டும்தான் அப்படிச் சோதித்துப் பார்த்திருக்கின்றன என்று யுனெஸ்கோவின் 2023 அறிக்கை சொல்கிறது.

அடுத்த வருஷத்துக்கான பணம் கட்டுகிற தேதி நெருங்குகிறது. அதற்குள் உங்கள் கட்டுரையாளர் கட்டுரையில் எழுதிய பள்ளிக்கு இன்னொரு தடவை போவாரா? முன்னறிவிப்பில்லாமல் போய்ப் பத்துப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, போன வாரம் டேப்லெட்டில் முடித்த பாடத்திலிருந்து மூன்றே கணக்கு கேட்கட்டும். விடை எப்படி வந்தாலும் அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
ஆறாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா,
ஈரோடு.